எல்இடிக்கு எப்போதும் 220 ஓம் தானா? ரெசிஸ்டர் பெட்டியின் நீண்ட நாள் பயன்பாடு

கால் வாட் மெட்டல் ஃபிலிம், 30 மதிப்புகள், மதிப்புக்கு 20 வீதம் 600 ரெசிஸ்டர்கள் (கரண்டைக் கட்டுப்படுத்தும் பாகங்கள்) கொண்ட பெட்டி. எல்இடி வேலையில் முதலில் காலியாவது 220 ஓம் அறை. உண்மையில் முதலில் காலியாக வேண்டியது 1 கே (1,000 ஓம்) அறை.

5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டை 220 ஆல் வகுத்தால் 14 மில்லி ஆம்பியர் வரும். கணக்கில் பிழையில்லை. ஆனால் இன்றைய எல்இடிகள் இந்தக் கரண்டில் கண்ணைக் கூச வைக்கும். 1 கே போட்டால் 3 மில்லி ஆம்பியர், இண்டிகேட்டருக்குத் தாராளம். நீல எல்இடி 4.7 கே-யிலும் பளிச்சென்று தெரியும். 5 மி.மீ. வெள்ளை எல்இடியை 20 மில்லி ஆம்பியரில் இரவுபகலாக எரியவிட்டால் ஓராண்டுக்குள் மங்கிவிடும். 5 மில்லி ஆம்பியரில் நெடுநாள் தாங்கும்.

பெரும்பாலான சேதம் 12 வோல்ட் பேட்டரியில்தான். சார்ஜ் ஏறும்போது அது 14.4 வோல்ட் வரை போகும் என்பதைக் கணக்கில் விட்டுவிடுகிறோம். ஒரு சிவப்பு எல்இடிக்கு 470 ஓம் என்றால் 12 வோல்ட்டில் 21 மில்லி ஆம்பியர், ரெசிஸ்டரில் 0.21 வாட். 14.4-இல் அதுவே 0.33 வாட். 0.25 வாட் வரையே தாங்கும் கால் வாட் ரெசிஸ்டர் தொட முடியாதபடி சுடும், அடியில் போர்டு பழுப்பேறும். 1 கே போட்டால் 0.15 வாட்தான்.

மூன்று வெள்ளை எல்இடிகளைத் தொடராக இணைத்து 120 ஓம் போடுவது இன்னும் மோசம். 9.6 வோல்ட் எல்இடிகளுக்கே போய்விடுவதால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 2.4 வோல்ட்: 20 மில்லி ஆம்பியர். சப்ளை 14.4 ஆனதும் கரண்ட் இரட்டித்து 40 ஆகிவிடும். இரண்டை மட்டும் தொடராக வைத்து 390 ஓம் போடுங்கள். கரண்ட் 14 முதல் 21 மில்லி ஆம்பியருக்குள் நிற்கும். மிஞ்சும் வோல்ட் அதிகமாக இருந்தால்தான் கரண்ட் நிலையாக இருக்கும். பல எல்இடிகளைப் பக்க இணைப்பில் வைத்து ஒரே ரெசிஸ்டர் போடவே கூடாது. வோல்ட் குறைவான எல்இடி அதிகக் கரண்டை இழுத்துக்கொண்டு முதலில் போகும்.

பெட்டியின் பெரிய குறை, ரெசிஸ்டரின் மதிப்பைக் காட்டும் நிறப் பட்டைகள். நீல உடலில் பழுப்பும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும். 1 கே என்பது பழுப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு, பழுப்பு. 10 கே-யில் நான்காவது மட்டும் சிவப்பு. ட்யூப்லைட் வெளிச்சத்தில் கண்ணை நம்பாமல் மல்டிமீட்டரில் பார்த்துவிட்டே பொருத்துங்கள். கால்களும் மெல்லிசு, பிரெட்போர்டில் (ஈயம் வைக்காமல் பாகங்களைச் செருகும் பலகை) லூசாகி எல்இடி மினுக்கும். ஈரக்காற்றில் கிடந்து கறுத்த கால்களில் ஈயம் ஒட்டாது. பிளேடால் லேசாகச் சுரண்டி, ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் பசையைத் தடவினால் பிடிக்கும்.

அடுத்த முறை 1 கே, 4.7 கே இரண்டையும் நூறு நூறாகத் தனியே வாங்கலாம். 12 வோல்ட் வேலைக்கு 390, 680 ஓம் அரை வாட்டில் பத்துப் பத்து இருந்தால் போதும்.