சின்னக் குழந்தைக்கு போர்டு கேம் பரிசு: இரண்டரை வயதிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை

என் தம்பி மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு இரண்டரை வயதானதிலிருந்து பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் நான் வாங்கித் தருவது பெரும்பாலும் போர்டு கேம்தான். அவர்கள் திருச்சியில், நான் சென்னையில். போகும்போதெல்லாம் அவளோடும் என் அம்மாவோடும் உட்கார்ந்து ஆடுவேன். போகாத நாட்களில் எந்தப் பெட்டி அலமாரியை விட்டு இறங்குகிறது, எது தூசி படிந்து கிடக்கிறது என்பதைத் தம்பி மனைவி சொல்லிவிடுவாள். வாங்கி ஒரு வாரத்தில் எழுதும் விமர்சனத்தில் இந்த இரண்டாவது விஷயம் தெரியவே தெரியாது. அதனால்தான் இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன்.

பெட்டி மேல் போட்டிருக்கும் வயதை நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். முதலில் பார்ப்பது, இதில் பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே தோற்காமல் மனசு வைத்து ஆட முடியுமா என்பதை. ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை தனியாக போர்டு கேம் ஆடாது. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும். அவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் விட்டுக்கொடுத்து நடிக்க வேண்டியிருந்தால் சீக்கிரமே அலுத்துவிடுவார். குழந்தையும் கண்டுபிடித்துவிடும். எங்கள் வீட்டில் நான்கரை வயதிலேயே "அத்தை, நிஜமா ஆடு" என்று சொல்லிவிட்டாள்.

முதலில் வாங்கியது ஹாபா என்ற ஜெர்மன் நிறுவனத்தின் 'ஃபர்ஸ்ட் ஆர்ச்சர்ட்'. 1986-ல் வந்த அவர்களுடைய பழத்தோட்ட விளையாட்டை இரண்டு வயதுக் குழந்தைக்கு ஏற்ற மாதிரி சுருக்கியது இது. நான்கு மரங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு பழங்கள். பழமெல்லாம் மரத்தில் கடைந்தவை, கைக்கு அடக்கமாக, கனமாக இருக்கும். பகடையில் எண் கிடையாது. நான்கு நிறம், ஒரு கூடை, ஒரு காக்கா. பச்சை விழுந்தால் பச்சை ஆப்பிளைப் பறித்துக் கூடையில் போட வேண்டும். காக்கா விழுந்தால் அது தோட்டத்தை நோக்கி ஓர் அடி நகரும். அது வந்து சேர்வதற்குள் எல்லாப் பழத்தையும் பறித்துவிட்டால் எல்லோருக்கும் வெற்றி, இல்லையென்றால் காக்காவுக்கு.

எல்லோரும் ஒரு பக்கம், காக்கா ஒரு பக்கம் என்பதால் பெரியவர் விட்டுக்கொடுக்க இதில் இடமே இல்லை. காக்கா ஜெயித்தபோது அவளுக்கு வந்த கோபமெல்லாம் காக்கா மேல்தான், எங்கள் மேல் இல்லை. கோபத்தோடேயே "இன்னொரு தடவை" என்பாள். தோல்வியைப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. பெட்டியில் பிளம் என்று இருந்த நீலப் பழத்தை அவளும் அம்மாவும் நாவல்பழம் ஆக்கிக்கொண்டார்கள். இறக்குமதி என்பதால் விலை உறைக்கும். ஆனால் இரண்டு வயதில் முறை வைத்து ஆடுவதையும், தன் முறை வரும்வரை காத்திருப்பதையும் இது கற்றுக்கொடுத்தது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆட்டத்தில் யோசிக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: கூடை விழும்போது எந்தப் பழத்தையும் எடுக்கலாம், அதிகம் மிச்சமிருக்கும் மரத்திலிருந்து எடுப்பதுதான் நல்லது. நான்கு வயதை ஒட்டி அவளே இதைப் பிடித்துவிட்டாள். அதற்கப்புறம் பெட்டி அலமாரிக்குப் போய்விட்டது. பழங்கள் மட்டும் சொப்புச் சாமானோடு சேர்ந்து இன்னும் சமையலில் இருக்கின்றன.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஒரு சோதனை உண்டு: 31.7 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு சின்ன உருளைக்குள் முழுசாக அடங்கிவிடும் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. சாதாரண லூடோ காயெல்லாம் அதில் தாராளமாக அடங்கும். நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வாங்கும்போது அதைத் தேடிப் பாருங்கள். பயணத்தில் ஆட என்று வாங்கிய ஒரு காந்தக் காய் செட்டில் சில வாரத்திலேயே காந்தம் பிதுங்கி வெளியே வந்தது. அன்றைக்கே குப்பைக்குப் போட்டோம். இரண்டு காந்தத்தைக் குழந்தை விழுங்கினால் அவை குடலின் சுவரை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும். அறுவை சிகிச்சை வரை போகும் விஷயம் அது. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்குக் காந்தக் காய் வேண்டவே வேண்டாம்.

வாங்கியதிலேயே அதிகம் உழைத்தது 'அனிமல் அபான் அனிமல்'. இதுவும் ஹாபாவுடையதுதான், 2005-ல் வந்தது, நான்கு வயதிலிருந்து ஆடலாம். மர முதலை ஒன்று கீழே. அதன் முதுகில் பென்குயின், ஆடு, பாம்பு, குரங்கு என்று ஒவ்வொருவரும் தன் ஏழு மிருகங்களை அடுக்கி முடிக்க வேண்டும். சரிந்தால், சரித்தவர் அதிகபட்சம் இரண்டை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டால் போதும். இந்த விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு தடவை கை நடுங்கியதால் ஆட்டமே போய்விட்டது என்ற நிலை குழந்தைக்கு வருவதில்லை.

இதில் வயது வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. அம்மாவுக்கு விரல் லேசாக நடுங்கும், ஆனால் எதை எங்கே வைத்தால் நிற்கும் என்ற கணக்கு கச்சிதம். பேத்திக்கு விரல் சின்னது, இடுக்கில் நுழையும், பொறுமைதான் குறைவு. நான் இரண்டு பேரிடமும் மனசார முயன்று தோற்றிருக்கிறேன். இன்று வரை யாராவது விருந்தாளி வந்தால் அவளே எடுத்து வரும் பெட்டி இதுதான். பாய் மேல் வைத்து ஆடாதீர்கள், வெறும் தரையில் ஆடுங்கள். பாயின் மேடுபள்ளம் முதலையை ஆட்டிவிடும்.

இதே பாணியில் அட்டையை மடித்து மாடி மேல் மாடியாகக் கட்டும் 'ரைனோ ஹீரோ' வாங்கினேன். கட்டுவதும், மரக் காண்டாமிருகத்தை மாடி மாடியாக ஏற்றுவதும் அவளுக்கு அவ்வளவு ஆசை. ஆனால் மின்விசிறி ஓடினால் கட்டிடம் நிற்காது. திருச்சியில் சித்திரை வைகாசியில் விசிறியை நிறுத்திவிட்டு யார் உட்காருவது? மார்கழி, தை மாதங்களுக்கான விளையாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். அட்டைகளும் மடிப்பில் நைந்துவிடுகின்றன. மரத் துண்டுகள் உள்ளதற்கும் அட்டை உள்ளதற்கும் விலை வித்தியாசம் இருந்தாலும், நீண்ட நாளுக்கு மரம்தான்.

ஜோடி சேர்க்கும் நினைவாற்றல் அட்டைகளைக் கடையில் வாங்கவில்லை. குடும்பத்தில் உள்ளவர்கள் படத்தை இரண்டிரண்டு பிரதி போட்டு, லேமினேட் செய்து, ஓரத்தை வட்டமாக வெட்டிக் கொடுத்தேன். தாத்தா, பாட்டி, பெரியப்பா, துபாயில் இருக்கும் மாமா, எதிர்வீட்டு நாய் வரை உண்டு. முதலில் ஆறு ஜோடி மட்டும் வைத்து ஆடினோம். பழகப் பழகக் கூட்டினோம். இதிலும் யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் வேறு யோசனையில் இருக்கும்போது குழந்தை படத்தின் இடத்தை மட்டுமே யோசிக்கிறது, நியாயமாகவே ஜெயிக்கிறது. காசு பெரிதாகச் செலவழிக்க முடியாதவர்களுக்கு என் முதல் பரிந்துரை இது.

பரமபதம் பற்றிச் சொல்லாமல் முடியாது. பாம்புக் கட்டம் இல்லாத வீடு நம் ஊரில் குறைவு. முழுக்க அதிர்ஷ்டம் என்பதால் பெரியவரும் குழந்தையும் இதில் சமம்தான். ஆனால் 98-ல் பாம்பு கடித்துக் கீழே வரும்போது ஐந்து வயதுக் குழந்தைக்கு அது தாங்காது, நமக்கோ முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. இன்னொரு சிக்கல், நூறு கட்டப் பலகையில் எண்கள் ஒரு வரிசை இடமிருந்து வலமாகவும் அடுத்தது வலமிருந்து இடமாகவும் போவது. 10-லிருந்து 11-க்கு ஏறும் இடத்தில் அவள் திரும்பத் திரும்ப இடது கோடிக்கே ஓடுவாள்.

ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு இங்கே உதவியது. 1 முதல் 10 வரை ஒரே நேர்க்கோட்டில் எழுதிய பலகையில் மொத்தம் ஒரு மணி நேரம் போல ஆடிய பாலர் பள்ளிக் குழந்தைகளின் எண் அறிவு முன்னேறியது. எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் இருந்த பலகையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஆகவே நான் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் 1 முதல் 10 வரை நேராகக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். நகர்த்தும்போது "ஒன்று, இரண்டு" என்று எண்ண விடாமல், காய் 5-ல் இருந்தால் "ஆறு, ஏழு" என்று கட்டத்து எண்ணையே சொல்லச் சொன்னோம். சீக்லர் இன்னோர் ஆய்வாளரோடு பின்னால் செய்த ஆய்வில், இப்படிச் சொல்லி நகர்த்திய குழந்தைகள்தான் அதிகம் கற்றார்கள். பாம்புக் கட்டத்திலும் இதைச் செய்யலாம், செலவில்லாத மாற்றம்.

லூடோ வேண்டாம் என்பேன். ஆறு விழும்வரை சும்மா உட்கார்ந்திருப்பது நான்கு வயதுக்கு ரொம்பக் கஷ்டம். தாயத்திலும் அதே கதைதான், ஒன்று விழாமல் காய் இறங்காது. ஆனால் வீட்டில் அவள் பாட்டிக்குக் கூட்டாளி. பித்தளைக் கட்டையை உருட்டுவது அவள் வேலை, காயை நகர்த்துவது பாட்டி வேலை. அதில் காத்திருப்பே கிடையாது.

'டாபிள் கிட்ஸ்' சித்தி பையன்களோடு ஆட நன்றாக இருந்தது. 30 அட்டை, ஒவ்வொன்றிலும் 6 மிருகம், எந்த இரண்டு அட்டையை எடுத்தாலும் சரியாக ஒரு மிருகம் மட்டும் பொது. முதலில் கண்டுபிடித்துக் கத்துபவருக்கு அட்டை. அம்மாவுக்கு இது ஒத்துவரவில்லை. ஒரே மிருகம் அட்டைக்கு அட்டை சின்னதும் பெரிதுமாக இருப்பதால் கண் வலிக்கிறது என்று விலகிவிட்டார். குழந்தைகள் இரண்டு மூன்று பேர் சேரும் வீட்டுக்குக் கொடுங்கள்.

பல்லாங்குழியை அவளுடைய ஐந்தாவது பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். மலைக்கோட்டை அடிவாரக் கடைத்தெருவில் வாங்கிய மடக்குப் பலகை. குழி பதினான்கும் கையால் தடவிப் பார்த்து, பிசிர் இல்லாததாக எடுத்தேன். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. எடுத்து, வரிசையாக ஒவ்வொன்றாகப் போட்டு, அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் உள்ளதை அள்ளுவது. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்காரருக்குச் சொந்தம். முதலில் எண்ணி எண்ணிப் போட்டவள், சில மாதத்தில் குழியைப் பார்த்தவுடன் "ஆறு இருக்கு, அந்தக் கோடி வரைக்கும் போகும்" என்று சொல்ல ஆரம்பித்தாள். கூட்டலைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே.

அம்மா சின்ன வயதிலிருந்து ஆடியவர். அவருக்கு எதிரே குழந்தை நிற்க முடியாது, விட்டுக்கொடுக்கவும் அம்மாவுக்கு மனசு வராது. அதனால் நானும் அவளும் ஒரு கட்சி, அம்மா ஒரு கட்சி. எந்தக் குழியிலிருந்து எடுக்கலாம் என்று காதில் பேசிப் பேசி ஆடுவோம். திறமை ஏற்றத்தாழ்வு உள்ள எந்த விளையாட்டுக்கும் இந்த வழி பொருந்தும். நான்கு காயை வரிசையாகச் சேர்க்க வேண்டிய, 42 ஓட்டை உள்ள 'கனெக்ட் ஃபோர்' பலகையையும் இப்படித்தான் அவள் கற்றாள். ஒரு முக்கியமான எச்சரிக்கை: பலகையோடு சிலர் குன்றிமணி தருவார்கள். சிவப்பில் கறுப்புப் புள்ளியோடு அழகாக இருக்கும், ஆனால் கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. அதை வாங்காதீர்கள், வீட்டில் பழசு இருந்தால் குழந்தை கைக்கு எட்டவிடாதீர்கள். புளியங்கொட்டையும் மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை உள்ள வீட்டில் மூக்கிலோ தொண்டையிலோ போகலாம். ஆட்டம் முடிந்ததும் டப்பாவில் போட்டு மேலே வைத்துவிட வேண்டும்.

காசு வைத்து இடம் வாங்கும் வகை, பொது அறிவுக் கேள்வி வகை எல்லாம் யாரோ கொடுத்து வந்து சேர்ந்தன. இரண்டுக்கும் சரளமாகப் படிக்கத் தெரிய வேண்டும், ஆட்டமும் முடிவதே இல்லை. எட்டு வயதுக்கு மேல் பார்க்கலாம்.

வெளிநாட்டுப் பெட்டிகளில் விதிகள் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், தமிழில் இருக்காது. நான் கொடுப்பதற்கு முன் பெட்டியைப் பிரித்து, அட்டைகளைக் கழற்றி, சின்னச் சின்னப் பைகளில் பிரித்துப் போட்டு, விதியை அரைப் பக்கம் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுகிறேன். மத்தியான வேளையில் குழந்தையோடு இருப்பது பாட்டிதான். அவருக்குப் புரிந்தால்தான் பெட்டி திறக்கும். கொடுத்த அன்றே ஒரு ஆட்டம் கூட இருந்து ஆடிக் காட்டிவிட்டு வாருங்கள். வீட்டில் உட்கார்ந்து ஆட யாருக்கும் நேரமே இல்லை என்று தெரிந்தால், அந்த வீட்டுக்கு போர்டு கேம் வேண்டாம். தனியாகவே ஆடக்கூடிய கட்டைகளோ நல்ல நிறப் பென்சிலோ வாங்கிக் கொடுப்பது நல்லது.

அடுத்த பிறந்தநாளுக்கு ஆடு புலி ஆட்டம் என்று முடிவு செய்திருக்கிறேன். மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பக்கமும் வேறு வேறு வேலை. புலி தாவி வெட்ட வேண்டும், ஆடுகள் சேர்ந்து வளைக்க வேண்டும். புலியாக ஆடுவது முதலில் சுலபம், அதை அவளிடம் கொடுத்துவிட்டு நான் ஆடுகளை எடுத்துக்கொண்டால் நிஜமாகவே ஆடலாம். பலகை தேட வேண்டியதில்லை. சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, ஒரு வாரம் ஆடிப் பார்த்து, பிடித்திருந்தால் மரப்பலகை வாங்கலாம்.