ஆட்குறைப்புக் காலத்தில் எது கைகொடுக்கும்: இருட்டும்வரை இருந்த கதிரையா, எழுதிவைத்த கொப்பியா?

கிளிநொச்சியில் ஒரு கந்தோர் ஆட்களைக் குறைக்கப்போகிறது என்பதை முதலில் வாகனந்தான் சொல்லும். முற்றத்தில் நின்ற மூன்று டபிள் கேப்பில் ஒன்று சேர்விசுக்கென்று கொழும்புக்குப் போகும், திரும்பி வராது. பிறகு தேத்தண்ணிக்குப் பால்மா வாங்குவது நிற்கும். அதற்கும் பிறகுதான் "எல்லாரும் ஒருக்கா மேல வாங்கோ, கதைக்கவேணும்" என்ற அழைப்பு வரும். 2012இலிருந்து 2025வரை, வெளியார் நிதியில் நடக்கும் திட்டங்களில் வேலை செய்த எனக்கு அந்த அழைப்பு மூன்று தடவை வந்தது. இரண்டில் தப்பினேன். மூன்றாவதில் தப்பவில்லை.

அழைப்புக்கும் கடிதத்துக்கும் இடையில் இரண்டு மூன்று மாதம் கிடைக்கும். அந்தக் காலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தாங்கள் வேண்டியவர்கள் என்று காட்டப் பார்ப்பார்கள். நான் கண்ட வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கப்போவதில்லை. சிலவற்றுக்கு ஒரு பந்தியே அதிகம்.

முதலில் வெட்டு எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும். அரசாங்க உத்தியோகத்தையும் கமத்தையும் கடலையும் கடையையும் விட்டால், வன்னியில் மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கும் பெரிய இடங்கள் மூன்று வகை: திட்டக் கந்தோர், கார்மன்ட்ஸ், மிதிவெடி அகற்றும் வேலை. 2025 ஜனவரி 20ஆம் திகதி வாஷிங்டனில் ஒரு கையெழுத்து விழுந்தது. அமெரிக்க வெளிநாட்டு உதவி 90 நாளுக்கு நிறுத்தம் என்றார்கள். மிதிவெடி அகற்றலுக்கு வந்த அமெரிக்கக் காசும் அதற்குள் அகப்பட்டது. அதே வருடம் ஏப்ரல் 2ஆம் திகதி இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்தார்கள். அது ஓகஸ்டில் 20 வீதத்தில் வந்து நிற்கும்வரை கார்மன்ட்ஸ் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் பஸ்சில் அதைத்தான் கதைத்தார்கள். இந்த இரண்டு முடிவையும் எடுத்தவர்களுக்குப் பரந்தன் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. உங்கள் சம்பளம் வரும் நிதியே முழுதாக வற்றிவிட்டால், நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது அந்தக் கந்தோருக்குள் ஒரு பொருட்டே இல்லை. பத்துப் பேரில் நாலு பேரை வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்றால்தான் கீழே உள்ள கதைக்குப் பயன் இருக்கிறது. ஆகவே முதல் கேள்வியை நிதிப் பிரிவில் இருப்பவரிடம் கேளுங்கள்: "என்ர சம்பளம் எந்த டோனரின்ர காசில போகுது?" வருடக்கணக்காக வேலை செய்தும் இதைத் தெரியாமல் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் தடவை நானும் அவர்களில் ஒருவன்.

கதிரையும் கொப்பியும்

முதல் வெட்டு வீட்டுத்திட்டம் முடியும்போது வந்தது. 2012இல் பெரிய அளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, கட்டங்கட்டமாக. அத்திவாரம் முடிந்தால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் இன்னொரு பகுதி, கூரைக்கு மற்றது. வீட்டை வீட்டுக்காரரே நின்று கட்டவேண்டும். நாங்கள் மோட்டர் சைக்கிளில் போய், எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து எழுதினால்தான் அடுத்த காசு போகும். வீடுகள் முடிய முடிய எங்கள் வேலையும் முடிந்துகொண்டு வந்தது. தன் கதிரையைத் தானே விறகாக்கிக் குளிர்காய்கிற மாதிரியான உத்தியோகம் அது.

எங்களோடு ஒரு அண்ணை இருந்தார். மீட்டிங் நடந்த அடுத்த நாளிலிருந்து அவர் இரவு எட்டுமணிக்கு முன்னம் வீட்டுக்குப் போகவில்லை. சனிக்கிழமையும் வருவார். மனேஜர் ஜன்னலால் பார்க்கும்போது அவருடைய மேசை விளக்கு எரியும். உண்மையிலேயே உழைத்தார், நடிப்பு என்று சொல்லமாட்டேன். அதே அறையில் மல்லாவியிலிருந்து வந்துபோன தங்கச்சி ஒருத்தி. கடைசி பஸ்சைப் பிடிக்கவேண்டும் என்பதால் ஐந்துமணிக்கு எழும்பிவிடுவாள். அவளிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். அதில் "லிண்டல் மட்டம்", அதாவது சுவர் கதவு ஜன்னலின் மேல்விளிம்புவரை, என்று மட்டும் எழுதமாட்டாள். ஏன் அந்த மட்டத்தில் நிற்கிறது என்றும் எழுதுவாள்: மேசன் அட்வான்சை வாங்கிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார், மண் ஏற்றப் பெர்மிட் கிடைக்கவில்லை, தனியாக இருக்கும் அம்மா, கல் சுமக்க வீட்டில் ஆளில்லை. அதற்கு என்ன செய்தோம், எத்தனை நாளில் வேலை திரும்பத் தொடங்கியது என்பதும் அதே பக்கத்தில் இருக்கும்.

கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். "இந்த ஒன்பது வீடும் ஏன் இன்னும் கூரை போடவில்லை?" என்று கேட்டார்கள். அண்ணை, "நாங்கள் இரவு பகலா நிண்டு பாக்கிறம் சேர்" என்றார். தங்கச்சி கொப்பியைத் திறந்து ஒன்பதுக்கும் ஒன்பது காரணம் சொன்னாள். ஆறு வீட்டுக்கு ஒரே மேசன்தான் பிரச்சினை, ஆளை மாற்றினால் மாதத்துக்குள் முடியும் என்றாள். அடுத்த திட்டத்துக்கு யாரை வைத்திருந்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. நான் தப்பியது என் கெட்டித்தனத்தால் இல்லை. அந்தக் கிழமையிலிருந்து அவளைப் பார்த்துக் கொப்பி எழுதத் தொடங்கியதால்.

அண்ணையின் வழியில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். கார்மன்ட்சில் அது எடுபடும். அங்கே மணித்தியாலத்துக்கு எத்தனை பீஸ் என்று போர்ட்டில் எழுதுகிறார்கள். உங்கள் உழைப்பைத் தொழிற்சாலையே கணக்கெடுக்கிறது, நீங்கள் தனியாகக் கொப்பி தூக்கத் தேவையில்லை. அங்கே குறி வைத்துப் பார்ப்பது லீவைத்தான். மாதத்தில் நாலுநாள் வராத நல்ல ஒப்பரேட்டரை விட, ஒவ்வொரு நாளும் வரும் நடுத்தர ஒப்பரேட்டரையே லைன் சுப்பவைசர் விரும்புவார், ஏனென்றால் ஒரு மெஷின் வெறுமையாக நின்றால் முழு லைனும் தடுமாறும். மிதிவெடி வேலையிலும் ஒவ்வொருவரும் நாளுக்கு எத்தனை சதுரமீற்றர் பார்த்தார் என்று பதிவு இருக்கும். ஆனால் அங்கே மற்றவர்களை முந்திப் போகிறவருக்கு மதிப்பு இல்லை. விதிப்படி, அவசரமில்லாமல், ஒரு பிழையும் விடாமல் போகிறவரைத்தான் அடுத்த பயிற்சிக்கு அனுப்புவார்கள்.

திட்டக் கந்தோரில் உங்களை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை, அதனால் கணக்கை நீங்கள்தான் வைத்திருக்கவேண்டும். அதையும் எப்படி எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். "இந்தக் காலாண்டில் 14 கூட்டம் நடத்தினேன்" என்று எழுதினால், கூட்டத்தை எவரும் நடத்தலாமே என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். "கூட்டத்துக்கு வராமல் நின்ற பக்கத்துக் கிராமத்துப் பெண்கள், நேரத்தைப் பின்னேரம் நாலுக்கு மாற்றியதும் வரத் தொடங்கினார்கள்" என்று எழுதினால், அந்தக் கிராமத்தை அறிந்த ஆள் இவர் என்று தெரியும்.

பலதும் தெரிந்தவர், ஒன்றைப் பூட்டி வைத்தவர்

இரண்டாவது வெட்டில் நான் பிடித்த வழியைச் சொல்ல வெட்கந்தான். பயனாளிகளின் விபரம் முழுவதும் நான் செய்த எக்செல் ஒன்றில் இருந்தது. அதில் எது எங்கே ஓடுகிறது என்பது எனக்கு மட்டும் விளங்கும். கேட்டவர்களுக்கு, "அது கொஞ்சம் சிக்கல், என்னட்டத் தாங்கோ, நான் எடுத்துத் தாறன்" என்பேன். பலித்தது. எட்டுமாதம் கூடுதலாக வைத்திருந்தார்கள். ஆனால் அந்த எட்டுமாதமும், மாமியின் செத்தவீட்டுக்கு முள்ளியவளைக்குப் போன அன்றுகூட, போன் அடித்தது. பிறகு தலைமையகத்திலிருந்து டப்லெட்டில் நிரப்புகிற புதிய முறை வந்தது. என் பூட்டுக்குக் கதவே இல்லாமல் போனது. அதைவிட மோசம், கூட வேலை செய்தவர்களில் ஒருவருக்கும் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வன்னி சின்ன இடம். ஒரு கந்தோர் மூடினால் அடுத்த கந்தோரின் நேர்முகத் தேர்வில் பழைய கந்தோர்க்காரர்தான் எதிரே இருப்பார்.

இதற்கு எதிர்வழி, பலதையும் பழகி வைத்திருப்பது. கார்மன்ட்சில் இதற்கு நேரடி மதிப்பு உண்டு. ஒரு ஊசி மெஷின் மட்டும் ஓட்டுகிறவரைவிட ஓவர்லொக்கும் ஓட்டத் தெரிந்தவரை எந்த லைனிலும் இருத்தலாம். திட்டக் கந்தோரில் என் கண்ணால் கண்ட அளவில் இரண்டு திறமை எப்போதும் ஆளைக் காப்பாற்றியது. ஒன்று, மோட்டர் சைக்கிளோ ஸ்கூட்டியோ ஓட்டி ஒட்டுசுட்டான் உள்ளூர்களுக்கும் தனியாகப் போய்வரக்கூடிய பெண் வெளிக்கள உத்தியோகத்தர். வாகனத்தைக் குறைத்த கந்தோரில் அவருடைய பெறுமதி உடனே ஏறிவிடும். மற்றது சிங்களம். கொழும்புத் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதவும், அங்கிருந்து வரும் போனை எடுத்துக் கதைக்கவும் தெரிந்த ஒரு ஆள் எந்தக் கந்தோருக்கும் வேண்டும். எங்கள் தலைமுறை அதைப் படிக்காமல் விட்டதற்குக் காரணங்கள் இருந்தன. இப்போது கிளிநொச்சியில் மாலை வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறோம்.

பலதும் தெரிந்தவருக்கு ஒரு ஆபத்து உண்டு. மூன்றுபேர் போனபிறகு மூன்று பேருடைய வேலையும் அவர் மேசைக்கு வரும், சம்பளம் ஒன்றுதான். குனியக் குனியக் குட்டுவார்கள். கூடுதல் வேலையை ஏற்கிறீர்கள் என்றால் ஏற்ற திகதியிலிருந்து அதை ஒரு மின்னஞ்சலிலாவது போட்டு வையுங்கள். "இன்று முதல் களஞ்சியப் பொறுப்பையும் நான் பார்க்கிறேன்" என்ற ஒரு வரி போதும்.

மீன்

மனேஜருக்கு இரணைமடு மீன் கொண்டுபோய்க் கொடுத்த ஒருவரும் இருந்தார். மூன்றாவது வெட்டில் முதல் கடிதம் வந்தது மனேஜருக்கு.

கையெழுத்துப் போட முன்

பெறுமதியைக் காட்டுவதில் மினக்கெட்டு உரிமையைக் கைவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தற் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். இந்தச் சட்டப்படி தீர்மானிக்கும் நட்டஈட்டின் உச்சவரம்பை 2021இல் பன்னிரண்டரை இலட்சத்திலிருந்து 25 இலட்சமாக உயர்த்தினார்கள். அதனால்தான் சில இடங்களில், "நீங்களாகவே விலகிறமாதிரி ஒரு கடிதம் தாங்கோ, அடுத்த திட்டத்தில முதலாவதா எடுக்கிறம்" என்று இனிமையாகக் கேட்பார்கள். அந்தக் கடிதம்தான் உங்கள் சம்மதம். குறித்த திகதியில் முடியும் ஒப்பந்தம் தானாக முடிவது வேறு கதை, அதில் இந்தச் சட்டம் பெரிதாகக் கைகொடுக்காது. திட்டக் கந்தோர்க்காரர் பெரும்பாலும் அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறோம். ஆனாலும் ஐந்து வருடம் தொடர்ந்து முடித்திருந்தால், 15 பேரோ மேலோ வேலைசெய்த இடமென்றால், 1983ஆம் ஆண்டின் சட்டப்படி வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடை உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதமும் அவர்கள் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு அவர்கள் 3 வீதமும் மாதாமாதம் போனதா என்று கந்தோர் பூட்ட முன்னம் பாருங்கள். பூட்டிய கந்தோரிடம் கேட்டால் காவலாளிதான் பதில் சொல்லுவார்.

இந்தக் கடதாசிக் கதை எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. காணிப் பெர்மிட்டையும் பிறப்புச் சான்றிதழையும் சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு 2009இல் நடந்த ஆட்கள் நாங்கள். அது தவறியவர்கள் பிறகு நடமாடும் சேவைகளில் எத்தனை வரிசையில் நின்றார்கள் என்பதும் தெரியும். வேலைக்கும் அப்படி ஒரு பை வேண்டும்: நியமனக் கடிதம், ஒவ்வொரு ஒப்பந்த நீட்டிப்பும், சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், நீங்கள் எழுதிய அறிக்கைகளில் நல்ல நாலு. ஆட்களின் சொந்த விபரம் உள்ள பட்டியல்களைத் தொடவேண்டாம், அது கந்தோருடையது.

2025இல் அந்தத் தங்கச்சிக்கும் வேலை நின்றது, எனக்கும் நின்றது. முழு நிதியும் போனபடியால் கொப்பியும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவள் வவுனியாவில் கட்டட ஒப்பந்தகாரர் ஒருவரிடம் வேலைக்குப் போகும்போது கதைத்து நேரத்தை வீணாக்கவில்லை. கொப்பியில் பழகிய அதே முறையில் ஒரு வேலைத்தளத்துக்கு மாதிரிப் பக்கம் ஒன்று எழுதி மேசையில் வைத்தாளாம். நான் மூன்று மாதம் பிந்தினேன். எனக்குச் சேவைக் கடிதம் இல்லை. கடைசி நாளில் கேட்கலாம் என்று விட்டிருந்தேன். கடைசி நாளில் கையெழுத்துப் போட ஆளும் இல்லை, சீலும் இல்லை. சீல் ஏற்கெனவே பெட்டியில் கொழும்புக்குப் போய்விட்டது. மனேஜராக இருந்தவரை வவுனியா பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தேன். அவரும் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். என் மோட்டர் சைக்கிள் சீற்றில் கடதாசியை விரித்து, "திகதியைப் பின்னுக்குப் போடவோ?" என்று கேட்டார். வேண்டாம் சேர், இண்டைக்கே போடுங்கோ என்றேன். போட்டுவிட்டு, "தம்பி, எனக்கும் ஒண்டு எழுதித் தாறீரோ, என்ர கீழ்ல வேலை செய்த ஆக்கள் எத்தினை பேர் எண்டு அவங்கள் கேக்கிறாங்கள்" என்றார்.