முற்றத்துக்கு ஷீட் போடலாமா, திறந்தே விடலாமா?

மேலூரில் அப்பத்தா வீட்டைப் பழுதுபார்க்க ஆரம்பித்ததும் மேஸ்திரி முதலில் கேட்டது இதைத்தான்: "முத்தத்துக்கு ஷீட் போட்டுருவமா தம்பி?" நியாயமான கேள்விதான். 10-க்கு 12 அடி முற்றம். அதில் இப்போது நெல் காய்வதில்லை. வெளிச்சத்துக்கு டியூப்லைட் வந்துவிட்டது. தூம்புக்கு அடியில் அண்டா வைத்து, பிடித்த மழைத்தண்ணீரில் பருப்பு வேகவைத்ததெல்லாம் அப்பத்தாவோடு போயிற்று.

நான் ஷீட் போடவில்லை, குரங்குக்காகக் கம்பிக் கிராதி மட்டும் போட்டேன். ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம், இதே அமைப்புள்ள வீட்டில், சித்தப்பா பாலிகார்பனேட் ஷீட் போட்டார். மூன்று மழைக்காலம் இரண்டையும் பார்த்தாயிற்று.

ஷீட் போட்டால் சாரல் இல்லை, தூசி குறைவு, ஒரு கூடம் கூடுதலாகக் கிடைக்கும். சரி. ஆனால் நாலு பக்க ஓட்டுச் சரிவும் முற்றத்தைப் பார்த்துத்தான் இறங்குகிறது. மூடிவிட்டால் அவ்வளவு தண்ணீரையும் இறவாரத்திலேயே தகரக் காடி வைத்துப் பிடித்து வெளியே விட வேண்டும். சித்தப்பா வீட்டில் ஐப்பசி அடைமழையில் வேப்பிலை அடைத்து அந்தக் காடி நிரம்பி, தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறியது. போன மாதம் அங்கே ஓடுகளைத் தாங்கும் ஒரு கைமரத்தின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. அந்த மரத்தை மாற்ற ஓட்டைப் பிரிக்க வேண்டும், ஓட்டைப் பிரிக்க ஷீட்டைக் கழற்ற வேண்டும். இலையை அள்ளவும் ஒவ்வொரு முறையும் ஆள் ஏற வேண்டும், ஏறினால் நாலு ஓடாவது உடையும்.

என் பக்கம் தண்ணீர் எப்போதும் போல முற்றத்தில் விழுந்து வாருகாலில் ஓடுகிறது. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமாக்கினார்கள். அதற்கென்று தனிக் குழாய் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. வாருகாலை மணல் தொட்டி வழியாகக் கொல்லைக் கிணற்றுக்குத் திருப்பியதோடு சரி. மதுரைப் பக்கம் வருஷத்துக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில் மழை. முற்றத்தில் நேராக விழுவதே 9,000 லிட்டருக்கு மேல் வரும், ஓட்டுத் தண்ணீர் தனி. செலவு என்று பார்த்தால் கிராதிக்கு அடிக்கும் பெயின்ட்தான்.

வெக்கையிலும் வித்தியாசம் தெரிகிறது. சித்திரையில் சூடு மேலே ஏறித் திறப்பு வழியாகப் போய்விடுவதால் எங்கள் கூடத்தில் மதியம் படுக்க முடிகிறது. சித்தப்பா வீட்டில் முடியவில்லை. ஷீட்டை ஒரு முழம் தூக்கிப் போட்டால் சூடு தங்காது என்கிறார் மேஸ்திரி. இருக்கலாம், அப்படிப்பட்ட வீட்டில் நான் ஒரு கோடையும் இருந்ததில்லை.

திறந்த முற்றத்தில் எனக்குப் பயம் பாசிதான். கார்த்திகையில் அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. இப்போது மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிறோம். பெரியவர்கள் இருக்கும் வீடென்றால், படி இறங்கும் இடத்தில் ஒரு கைப்பிடியை முதல் நாளே வைத்துவிடுங்கள்.