மீல்மேக்கர்: கறியாக எடைபோட்டால் குறை, பருப்பாக எடைபோட்டால் நிறை

புரட்டாசி பிறந்துவிட்டால் கறிக்கடைகளில் கூட்டம் குறைவதும், மளிகைக் கடைகளில் சோயா உருண்டைப் பொட்டலங்கள் முன்வரிசைக்கு வருவதும் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடப்பதுதான். ஆடியில் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டி உறவினர்களுக்கெல்லாம் கறிச்சோறு போட்ட வீட்டில், இரண்டு மாதம் கழித்து முட்டைகூட அடுப்படிக்குள் நுழைவதில்லை. மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 97 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் அசைவம் உண்பவர்கள். ராஜஸ்தானிலோ ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் சைவ உணவுக்காரர்கள். ஆனால் நம் ஊர் அசைவக்காரர்களில் பலர் செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கார்த்திகை, சபரிமலை மாலை, தைப்பூச விரதம் என்று ஆண்டில் கணிசமான நாள்களைச் சைவமாகவே கழிக்கிறார்கள் என்பதை அந்தக் கணக்கு காட்டுவதில்லை. இப்படி நாள் பார்த்துக் கறியை விடும் வீடுகளில்தான் மீல்மேக்கருக்குப் பெரிய இடம் கிடைத்திருக்கிறது. அது அந்த இடத்துக்குத் தகுதியானதுதானா, எந்த அளவுக்குத் தகுதியானது என்பதே இந்த மதிப்புரையின் கேள்வி.

முதலில் பொருள் எது என்று பார்த்துவிடுவோம். சோயா மொச்சையிலிருந்து எண்ணெய் எடுத்த பிறகு எஞ்சும் கொழுப்பு நீக்கிய மாவை, நீர் சேர்த்துப் பிசைந்து, மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஓர் இயந்திரத்தின் துளை வழியே தள்ளுகிறார்கள். உள்ளே உருகி ஒரே திசையில் நீண்டு படியும் புரத இழைகள், துளையை விட்டு வெளியே வந்து அழுத்தம் சட்டென்று குறையும்போது, உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பாய்வதால் பஞ்சுபோல் உப்பிவிடுகின்றன. கடித்தால் நார்நாராகப் பிரிவதற்கும் குழம்பை உறிஞ்சுவதற்கும் இந்த ஒரே செய்முறைதான் காரணம். 1960-களில் அமெரிக்காவில் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் உருவாக்கிய முறை இது. இந்தியாவில் சோயா அதிகம் விளைவது மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும்.

வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் அல்லது வைக்கோல் நிறத்தில் இருப்பது நல்லது. பழுப்பேறியது பெரும்பாலும் பழைய சரக்கு. மூட்டையிலிருந்து அள்ளித் தரும் கடையாக இருந்தால் ஒன்றைக் கையில் எடுத்து முகர்ந்து பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். சிக்கு வாடை அடித்தால் எந்த மசாலாவும் அதை மறைக்காது. பொட்டலமாக வாங்குவதென்றால் பின்பக்கத்துச் சேர்மானப் பட்டியலில் கொழுப்பு நீக்கிய சோயா மாவு மட்டுமே இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பெரிய உருண்டையைவிடச் சிறிய உருண்டைக்கே என் வாக்கு. பெரியதில் மசாலா நடுவரை போய்ச் சேர்வதே இல்லை; வெளியே காரமும் உள்ளே வெறும் சக்கையுமாக நின்றுவிடுகிறது.

இதைப் பிடிக்கவில்லை என்பவர்களில் பாதிப் பேருக்கு அதைச் சரியாக ஊறவைத்துப் பரிமாறியவர்கள் இல்லை என்பது என் எண்ணம். கொதிக்கும் நீரில் கல்லுப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டு, உருண்டைகளை அதில் கொட்டி, நான்கைந்து நிமிடம் கொதித்ததும் இறக்கிவிட வேண்டும். ஆறியபின் கைப்பிடியளவு எடுத்து அழுத்திப் பிழிந்தால் நுரை கலந்த மங்கலான நீர் வெளியேறும். அந்த நீரில்தான் பச்சை வாடை இருக்கிறது. குளிர்ந்த நீரில் அலசி மறுபடியும் பிழிய வேண்டும். நுரை நின்று நீர் தெளியும் வரை விடக் கூடாது. அப்படி வெறுமையாக்கப்பட்ட உருண்டை சட்டியில் விழுந்ததும் சால்னாவை ஆவலோடு உள்ளிழுத்துக்கொள்கிறது. ஒரு முறை அரைகுறையாகப் பிழிந்துவிட்டுக் குழம்பில் போட்டால், ஏற்கெனவே நீர் நிறைந்த துளைகளில் மசாலாவுக்கு இடமில்லாமல் போகிறது.

சரியாகச் செய்தால் கறிபோல் இருக்குமா? இருக்காது. பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் படம் எதைச் சொன்னாலும், இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆட்டுக்கறியின் சுவை அதன் கொழுப்பிலும், நீண்ட நேரம் வேகும்போது கூழாகக் கரையும் சவ்விலும், எலும்பு மஜ்ஜையிலும், தசைக்குச் சிவப்பைத் தரும் ஹீம் என்ற இரும்புச் சேர்மத்திலும் இருக்கிறது. மீல்மேக்கரில் கொழுப்பு நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்குதான். மற்றவை அறவே இல்லை. அமெரிக்காவின் இம்பாசிபிள் ஃபுட்ஸ் நிறுவனம் சோயாச் செடியின் வேர்முடிச்சுகளில் உள்ள ஹீம் புரதத்தை ஈஸ்ட் வழியாகத் தயாரித்துத் தன் தாவர இறைச்சியில் சேர்க்க வேண்டியிருந்ததே இந்தக் குறையை ஈடுசெய்யத்தான். நம் சமையலில் தேங்காய்ப்பாலோ, முந்திரி கசகசா அரைத்த விழுதோ, கடைசியில் ஒரு கரண்டி நல்லெண்ணெயோ சேர்த்தால் அந்த வறட்சி ஓரளவு தணியும். மிளகு சீரகம் வறுத்துப் பொடித்த சுக்காவில் அது தன் குணத்தோடு நன்றாகவே இருக்கிறது. எலும்புக் குழம்பின் மசாலாவில் போட்டால், இல்லாத எலும்பைத்தான் நாக்கு தேடிக்கொண்டிருக்கிறது.

நாக்கின் இந்தத் தேடலுக்கு வெறும் பழக்கம் மட்டுமே காரணமன்று. எத்தியோப்பியாவின் கோனா பகுதியில் கிடைத்த கல் ஆயுதங்கள் சுமார் 26 லட்சம் ஆண்டுகள் பழமையானவை; அதே காலத்தைச் சேர்ந்த விலங்கு எலும்புகளில் கல்லால் வெட்டிய கீறல்களும் காணப்படுகின்றன. மனித மூளை பெருத்ததற்கும் குடல் சுருங்கியதற்கும் தொடர்பு உண்டு என்றும், அதைச் சாத்தியமாக்கியது இறைச்சி போன்ற செறிவான உணவு என்றும் ஆய்வாளர்களான லெஸ்லி ஐயெல்லோவும் பீட்டர் வீலரும் 1995-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். அதைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. சமைத்த கிழங்குகளுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்போர் இருக்கிறார்கள். மாவுச்சத்தை அதிகம் உண்டுவந்த மக்களிடம், உமிழ்நீரில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு சராசரியாகக் கூடுதல் பிரதிகளாக இருப்பது 2007-இல் தெரியவந்தது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, தாவர எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களை உடலுக்குத் தேவையான நீண்ட சங்கிலிக் கொழுப்புகளாக மாற்றிக்கொள்ள உதவும் ஒரு மரபணு வகை, தலைமுறைகளாகச் சைவம் உண்டுவந்த புனே மக்களிடம் மிகுதியாக இருப்பதைக் காட்டியது. எனவே, மனிதன் பிறவியிலேயே சைவம் என்று குடலின் நீளத்தைக் காட்டி வாதிடுவோரும், கறி இல்லாவிட்டால் மனிதனே இல்லை என்போரும் உடலின் கதையில் பாதியைத்தான் படிக்கிறார்கள். கிடைத்ததை உண்டு, அதற்கேற்பச் சிறுகச் சிறுக மாறிவந்த உயிரினம் நாம்.

நம் இலக்கியமும் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறது. செல்வக்கடுங்கோ வாழியாதன் என்ற சேர மன்னன் கபிலரின் கை ஏன் மென்மையாக இருக்கிறது என்று வியக்க, கறிசோற்றை உண்டு வருந்துவதைத் தவிர வேறு தொழில் அறியாத கை அது என்ற பொருளில் புலவர் விடை சொல்வது புறநானூற்றின் 14-ஆம் பாட்டு. புலால் மறுத்தலுக்குத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறளும் இதே மொழியில்தான் எழுந்தது. வடலூரில் 1867-இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார், உயிரிரக்கத்தின் பெயரால் புலாலை மறுத்தார். கிடா வெட்டும் வீட்டிலேயே புரட்டாசி விரதமும் நடப்பதைப் போலித்தனம் என்று இகழ்வோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. உண்ணும் உரிமையையும் நிறுத்தும் கட்டுப்பாட்டையும் ஒரே வாழ்க்கைக்குள் வைத்துக்கொள்ள நம்மவர் கண்ட வழி அது.

அந்த வழியில் மீல்மேக்கர் உண்மையாகவே உதவுவது சத்தில்தான். உலர்ந்த நிலையில் 100 கிராமில் ஏறத்தாழ 52 கிராம் புரதம் இருக்கிறது. துவரம் பருப்பில் 22 கிராம் அளவு, பச்சை ஆட்டுக்கறியில் சுமார் 20 கிராம். இந்த எண்ணைத்தான் விளம்பரங்கள் பெரிதாகப் போடுகின்றன. ஆனால் யாரும் உலர்ந்த உருண்டையை உண்பதில்லை. ஊறியதும் எடை இரண்டு மூன்று மடங்காகிவிடுவதால், தட்டில் இருக்கும் 100 கிராமில் உள்ள புரதம் கறியின் அளவுக்கு நெருக்கமாகவோ சற்றுக் குறைவாகவோதான் வரும். அப்படியும் அது குறைந்த சாதனையன்று. ஓர் ஆளுக்கு 30 கிராம் உலர் உருண்டை போட்டால் 15 கிராம் புரதம் கிடைக்கிறது. எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. அதன்படி 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 50 கிராம் தேவை; அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானது ஒரே குழம்பில் வந்துவிடுகிறது. சோயாவின் புரதம் தரத்திலும் உயர்ந்தது. ஆட்டுக்கறி கிலோ 800 ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில், நாள்கூலி வாங்கும் குடும்பத்துக்கு இதைவிட மலிவாகப் புரதம் தரும் பண்டம் மளிகைக் கடையில் அதிகம் இல்லை.

ஆனால் அதில் இல்லாதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பி12 வைட்டமின் தாவர உணவில் கிடைப்பதில்லை, மீல்மேக்கரிலும் இல்லை. கறி உண்பவரின் கல்லீரல் அதை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைத்திருப்பதால் ஒரு மாத விரதத்தால் ஒரு கேடும் வராது. நிரந்தரமாகக் கறியை விட்டவர்கள் பாலும் தயிரும் போதிய அளவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாலையும் விட்டவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரையாக எடுத்தே ஆக வேண்டும். பொட்டலத்தில் இரும்புச்சத்து அதிகமாகக் குறிக்கப்பட்டிருந்தாலும், தாவர இரும்பைக் கறியின் ஹீம் இரும்பைப்போல் உடல் எளிதில் ஏற்பதில்லை. கூடவே தக்காளியோ எலுமிச்சையோ இருந்தால் ஏற்பு கூடும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும். இரத்தசோகை பரவலாக உள்ள நம் பெண்களுக்கு இந்தச் சிறு செய்தி மிக முக்கியமானது.

சோயா ஆண்மையைக் குறைக்கும் என்ற அச்சம் பலரிடம் இருக்கிறது. சோயாவில் உள்ள ஐசோஃப்ளேவோன்கள் என்ற சேர்மங்கள் பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜனை ஒத்த அமைப்புடையவை என்பதிலிருந்து பிறந்த அச்சம் இது; ஆண்களிடம் நடத்திய பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனின் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மாத்திரைக்கும் சோயா உணவுக்கும் இடையே சில மணி நேரம் விட வேண்டும். மாத்திரையை உடல் ஏற்பதைச் சோயா தடுக்கக்கூடும். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. வயிற்று உப்புசம் வருபவர்கள் குறைவாகத் தொடங்கலாம்.

சைவத்துக்கு மாறினால் எல்லா நோயும் தீரும் என்பதையும் இந்தப் பண்டத்தோடு சேர்த்து விற்க வேண்டாம். பிரிட்டனில் சுமார் 48,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வின் 2019 முடிவுகளில், சைவ உணவுக்காரர்களுக்கு மாரடைப்பு போன்ற இதய நோய் 22 விழுக்காடு குறைவாகவும், பக்கவாதம் 20 விழுக்காடு கூடுதலாகவும் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் புற்றுநோயை உண்டாக்குவது என்று உறுதியாகச் சொன்னது சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியைத்தான். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி போன்ற சிவப்பு இறைச்சியை அதற்கு ஒரு படி கீழே, அநேகமாக உண்டாக்கக்கூடியது என்ற பிரிவில் வைத்தது.

இலங்கையில் இதே பண்டம் மசாலாத்தூள் பையோடு சோயா மீட் என்ற பெயரில் விற்கிறது. அங்கே விரத நாளென்று பாராமல் சோற்றுக்குக் கறியாக அன்றாடம் சமைக்கிறார்கள். நம் ஊரிலும் அது அந்த இடத்துக்குத்தான் நகர வேண்டும் என்பது என் விருப்பம். கறிக்குப் பதிலாக என்று வாங்குபவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏமாற்றமே மிஞ்சும். வாரத்தில் ஓரிரு நாள் சாம்பாருக்குப் பதிலாக, குழந்தைகளின் சாப்பாட்டு டப்பாவில் எலுமிச்சை பிழிந்த வறுவலாக, பொட்டுக்கடலையும் சோம்பும் சேர்த்து அரைத்த கோலா உருண்டையாகச் செய்ய நினைப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். முதன்முறை வாங்குபவர்கள் மசாலாச் சுவை ஏற்றிய வகைகளைத் தவிர்த்து, 200 கிராம் சாதாரணச் சிறிய உருண்டைப் பொட்டலத்தோடு தொடங்குங்கள்; நால்வர் கொண்ட வீட்டுக்கு அதில் பாதி ஒரு வேளைக்குத் தாராளமாகப் போதும்.