பாராங், பட்டாசு, மின்வேலி: தோட்டத்தில் மிருகத்துக்கு எது சரி?

மலேசியாவின் ஜொகூரில், குளுவாங்கிலிருந்து காஹாங், மெர்சிங் போகும் சாலையோரத் தோட்டங்களில் யானை வந்ததா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, எந்தப் பக்கம் வந்தது என்றுதான் கேட்க வேண்டும். அங்கே ஆளுக்கொரு நம்பிக்கை. ஒருவருக்குப் பாராங் என்னும் வெட்டுக்கத்தி, ஒருவருக்குப் பட்டாசு, இன்னொருவருக்கு நாய். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிருகம் எதிரில் நின்றபிறகு கையிலெடுக்கும் எதையும்விட, அது எதிரில் வராமல் பார்த்துக்கொள்ளும் வழிகளுக்குத்தான் காசும் கவனமும் போக வேண்டும்.

பாராங்கை எடுத்துக்கொள்ளுங்கள். புதர் வெட்ட நல்லது, புலிக்கு உதவாது. புலி பெரும்பாலும் பின்னாலிருந்துதான் பாயும், அதுவும் குனிந்திருக்கும் ஆளைக் கண்டால் நாலுகால் இரை மாதிரி அதற்குத் தெரியும், பால் எடுக்கும் வெட்டு கீழே இறங்கிவிட்ட பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், குனியாமல் வேலை செய்யவும் முடியாது. திரும்பிப் பார்த்துக் கத்தியை ஓங்க நேரம் எங்கே இருக்கிறது? மலாயாப் புலிகள் காட்டில் 150-க்கும் குறைவாகத்தான் மிச்சம் என்கிறார்கள், ஆனாலும் 2023-ல் கிளந்தான் மாநிலத்தின் குவா மூசாங் பக்கம் தோட்டத் தொழிலாளர்கள் புலியிடம் உயிரை விட்டார்கள். புலியோடு நேருக்கு நேர் வந்துவிட்டால் ஓடவே கூடாது, குனியவும் கூடாது. நிமிர்ந்து நின்று, அதன்மேல் கண்ணை வைத்து, சத்தம் போட்டபடி மெல்லப் பின்வாங்குவதுதான் வழி. வங்காளத்துச் சுந்தரவனத்தில் 1986-ல் தலைக்குப் பின்பக்கம் மனித முகமூடி மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போகவிட்டுப் பார்த்தார்கள், கொஞ்ச காலத்துக்கு அது பலித்தது. அதைவிட நமக்குத் தோதானது, மர நிரையில் தனியாக நிற்காமல் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இன்னொருவர் இருப்பது.

துப்பாக்கிக்கு 1960 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும், யானையும் புலியும் முழுப் பாதுகாப்பில் உள்ள உயிரினங்கள். சரி, சட்டத்தைத் தள்ளிவைத்தாலும் அலாஸ்காவில் கரடிகளோடு நடந்த மோதல்களை அலசி 2012-ல் வந்த ஆய்வு, துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் முடிவில் வித்தியாசமில்லை என்றது. அதே அலாஸ்காவில் மிளகாய் ஸ்பிரே பத்தில் ஒன்பது தடவைக்குக் குறையாமல் கரடியை நிறுத்தியிருக்கிறது. ஆனால் அது அங்குள்ள கரடிக்கு, அதுவும் எதிரே தெரியும் கரடிக்கு. இருட்டில் பின்னால் வரும் புலிக்கோ செம்பனைக்குள் (எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள்) நிற்கும் யானைக்கோ அதை நம்பி நான் யாரையும் அனுப்பமாட்டேன்.

பட்டாசைப் பற்றித்தான் அதிகம் சண்டை வரும். வெடித்ததும் யானை விலகுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் விலகிய கூட்டம் காட்டுக்குத்தான் போகும் என்று யார் சொன்னது? பக்கத்து நிரையில் குலை அறுப்பவரை நோக்கியும் வரலாம். குட்டியோடு நிற்கும் தாய்க்குப் பக்கத்தில் வெடித்தால் அது விலகாது, துரத்தும், யானையை ஓடி ஜெயிக்க மனிதனால் முடியாது. அப்புறம் திரும்பத் திரும்பக் கேட்ட சத்தத்துக்கு அது பழகியும் விடுகிறது. உள்ளே நுழையும்போதே பேசிக்கொண்டும் வாளியைத் தட்டிக்கொண்டும் போவது வேறு விஷயம். அந்தச் சத்தம் தூரத்திலேயே ஆள் வருவதைச் சொல்லிவிடுகிறது, சூரியக்கரடியும் திடுக்கிடாமல் ஒதுங்கிக்கொள்ளும். நாயை நான் சேர்க்கவே மாட்டேன். குரைத்துச் சீண்டிவிட்டு, பயந்ததும் எஜமானிடம்தானே ஓடிவரும், பின்னாலேயே யானையும் வரும்.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரியது நேரம். பால்மரத்தில் விடியுமுன் குளிர்ச்சியில் பட்டைக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறையும். அதனால்தான் இருட்டில் போகிறார்கள், யானை நடமாடுவதும் அதே இருட்டில்தான். செம்பனைக் குலைக்கு இந்தக் கட்டாயம் கிடையாது, வெளிச்சம் வந்தபிறகு அறுத்தால் ஒன்றும் குறையாது. அப்படியிருந்தும் செம்பனை ஆட்களை இருட்டிலேயே பெரட்டிலிருந்து, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்திலிருந்து, உள்ளே அனுப்பும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. யானைத்தடம் பார்த்த வாரத்தில் பால்வெட்டும் விடிந்தபிறகு தொடங்கட்டும், குறையும் பாலுக்கு நிர்வாகம் ஈடு கொடுக்கட்டும். தொழிற்சங்கம் கேட்க வேண்டிய கோரிக்கை இது. நெற்றி விளக்கு அவசியம்தான், கால் வைக்கும் இடம் தெரியும், ஆனால் பத்து மரத்துக்கு அப்பால் நிற்கும் யானையை அது காட்டாது.

அகழியா மின்வேலியா என்றால் மின்வேலி. நம் மழைக்கு அகழியின் கரை சரிந்து, யானை இறங்கி ஏறும் பாதையாகிவிடும். மின்வேலி விட்டுவிட்டு அடிக்கும் உயர் அழுத்த மின்சாரம், வலிக்கும், முறையாகப் போட்டிருந்தால் கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது வேறு, அது யானையையும் கொல்லும் மனிதனையும் கொல்லும். நல்ல வேலியும் கவனிப்பில்தான் நிற்கிறது. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் கசிந்து பலம் போய்விடும், யானை மரத்தைத் தள்ளி வேலிமேல் சாய்க்கவும் தெரிந்தது. குருத்து தின்ன வருவது இளம் செம்பனைக்கு என்பதால், மறுநடவு செய்த பகுதியைச் சுற்றித்தான் முதலில் வேலி வேண்டும். யானை உள்ளே நிற்பது தெரிந்தால் விரட்டப் போகாமல் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கூப்பிடுங்கள்.

யானை, புலி என்று பேசிக்கொண்டே பாம்பை மறந்துவிடுகிறோம். செம்பனையில் எலி நிறைய, எலிக்காக நாகம் வரும். இங்கே செருப்புக்கும் ரப்பர் பூட்ஸுக்கும் ஒப்பீடே தேவையில்லை, முழங்காலுக்குக் கீழ்வரை வரும் பூட்ஸ்தான். உதிரிப் பழம் பொறுக்கக் கையை நேரே விடாமல் குச்சியால் கிளறுங்கள். விஷத்தைப் பீய்ச்சும் நாகமும் உண்டு, கண்ணில் பட்டால் தேய்க்காமல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்குவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை, தூரத்திலிருந்து ஒரு படம் எடுக்க முடிந்தால் மருத்துவருக்கு அது போதும்.