செத்த ஜாயிண்ட்டுக்குப் புது பூட்: பில் கட்டும் முன் கீழே குனிந்து பாருங்கள்

வேளச்சேரி பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப். ஆறு வருடம் ஓடிய சின்ன ஹேட்ச்பேக். பில்லில் இருந்தது இவ்வளவுதான்: டை ராட் எண்ட் பூட் 2, கிரீஸ், லேபர், வீல் அலைன்மெண்ட். டை ராட் எண்ட் என்பது ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் கம்பியின் முனை ஜாயிண்ட், உள்ளே ஒரு கப்பில் பால் (உருண்டை) அசையும். பூட் அதை மூடும் ரப்பர் உறை. மூன்றாவது வாரமே ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போது முன்பக்கம் 'டக் டக்'. வேறு இடத்தில் சக்கரத்தைக் கழற்றினால், வெளியே பூட் பளபளவென்று புதுசு. ஆனால் பூட்டைப் பிடித்திருக்க வேண்டிய ஸ்பிரிங் வளையத்துக்குப் பதில் ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக். நட்டில் ஸ்பிளிட் பின் (நட் கழலாமல் தடுக்கும் பிளவு ஊசி) இல்லை, கட்டுக்கம்பியை மடித்துச் செருகியிருந்தார்கள். பூட்டை விலக்கியதும் மேலே விரல் நுனியளவு புது கிரீஸ், அதற்கடியில் மணல் நறநறக்கிற காப்பித்தூள் நிறச் சேறு. பால் துருப்பிடித்து, கையால் தொட்டாலே தொளதொளவென்று ஆடியது.

பூட் கிழிந்தே கிடந்திருந்தால்கூடத் தேவலை. அடுத்த சர்வீஸில் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். புது ரப்பர் போட்டுவிட்டால் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். உள்ளே தேய்ந்துகொண்டே போய், பால் கப்பை விட்டுக் கழன்றால், அந்தச் சக்கரம் அதன் பிறகு ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது.

அந்த ரப்பருக்கு இரண்டே வேலை: கிரீஸ் வெளியே போகக்கூடாது, தண்ணீரும் மண்ணும் உள்ளே வரக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் பள்ளிக்கரணை, முடிச்சூர் தண்ணீரில் ஓடுகிற வண்டிக்குச் சின்ன வெடிப்பு போதும். தண்ணீர் வற்றிய பிறகு தங்குகிற பொடிமணல் கிரீஸோடு கலந்து உப்புத்தாள் மாதிரி பாலை அரைக்கும். அப்படி ஒரு மழைக்காலம் ஓடிய ஜாயிண்ட்டுக்குப் பூட் மட்டும் மாற்றுவது தண்டச்செலவு. சின்ன கார்களில் பூட்டுக்கும் முழு டை ராட் எண்டுக்கும் விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான்.

பூட் மட்டும் எப்போது போதும்? கிழிசல் புதுசாக இருக்க வேண்டும், உள்ளே கிரீஸ் சுத்தமாக இருக்க வேண்டும், பிளே (தொளதொள ஆட்டம்) இருக்கக்கூடாது. வண்டி தரையில் நிற்கும்போதே ஒருவர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டட்டும். ஜாயிண்ட் மேல் விரல் வைத்தால் பிளே இருப்பது தட்டிக் காட்டும். நக்கிளிலிருந்து (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பகுதி) கழற்றிய பிறகு ஸ்டட்டை (பாலிலிருந்து நீளும் மரை போட்ட தண்டு) கையால் அசைத்துப் பாருங்கள். ஒரே சீரான இறுக்கத்தோடு நகர்ந்தால் நல்லது. தானாகத் தொங்கி விழுந்தாலோ, நடுவில் நறநறத்தாலோ முழு எண்டையும் மாற்றியே ஆக வேண்டும்.

கழற்றுகிற விதத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். நட்டை முழுக்க எடுக்காமல் நாலு மரை விட்டு, புல்லர் (ஜாயிண்ட்டைப் பிரிக்கும் கருவி) போடுபவர் வேலை தெரிந்தவர். புல்லர் இல்லையென்றால் ஸ்டட் நுழையும் ஸ்டீயரிங் ஆர்மின் கண் பகுதியில் பக்கவாட்டில் அடிக்கலாம். ஸ்டட் தலையில் நேராகச் சுத்தியல் போட்டால் மரை நசுங்கிப் போகும். கவட்டை உளியை இடுக்கில் செருகி நெம்பினால் நல்ல பூட்டும் கிழியும்.

பூட்டை 'எல்லாத்துக்கும் சேரும்' என்று கொடுத்தால் வாங்காதீர்கள். பழைய பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்குப் போங்கள். ஸ்டட் கழுத்தும் ஜாயிண்ட் உடம்பில் உள்ள பள்ளமும் வெர்னியரில் (நுண் அளவுகோல்) என்ன அளவு என்று குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. பழைய கிரீஸைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். டீசல் ஊற்றிக் கழுவினால் அழுக்கு கரைந்து கப்புக்குள் இறங்கிவிடும். லித்தியம் கிரீஸ் பூட்டில் பாதியளவு போதும். பிதுங்கப் பிதுங்க அடைத்தால், ஸ்டீயரிங் திருப்பும்போது விளிம்பு பள்ளத்தை விட்டு நழுவும், அதற்குத்தான் பிறகு டேக் கட்டுகிறார்கள். ஸ்டட்டின் சரிவுப் பகுதியில் மட்டும் கிரீஸ் ஒட்டவே கூடாது. நட்டை மேனுவலில் உள்ள டார்க்குக்கு (இறுக்க அளவு) இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின் ஓட்டை நேராக வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும், ஒருபோதும் தளர்த்தக்கூடாது. ஸ்பிளிட் பின் புதுசு.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றும் உண்டு. ராக் (ஸ்டீயரிங் சுழற்சியை இடவல அசைவாக்கும் பல் தண்டு) மேல் இருக்கும் மடிப்பு மடிப்பான பூட் கிழிந்திருக்கும்; "ராக் போச்சு சார், அசெம்பிளியே மாத்தணும்" என்பார்கள். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் வண்டியில் அந்த பூட்டுக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் சீல் போய்விட்டது, அதை நம்பலாம். எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் வண்டியில் 'ஆயில் லீக்' என்றால் கிளம்பி வந்துவிடுங்கள், அதில் எண்ணெயே கிடையாது.

ராக் பூட் மாற்ற டை ராட் எண்டை மரையிலிருந்து திருகிக் கழற்ற வேண்டும். எத்தனை சுற்று என்று எண்ணி வைத்து, அதே சுற்றுக்குத் திரும்ப ஏற்ற வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் மரையில் ஒரு சுற்று தப்பினாலே டயர் ஓரம் தேயும். அதனால் இங்கே அலைன்மெண்ட் கட்டாயம். வெளியே இருக்கும் டை ராட் எண்டின் பூட்டுக்கு லாக் நட்டை (டை ராட் நீளத்தைப் பூட்டி வைப்பது, அலைன்மெண்ட் சரிசெய்யத் தளர்த்துவது) தொடவே வேண்டாம், நீளம் மாறாது.

அந்த பில்லில் அலைன்மெண்ட்டுக்கும் காசு வாங்கியிருந்தார்கள். ரிப்போர்ட் கேட்டதற்கு பிரிண்டர் ரிப்பேர் என்று பதில். இரண்டு பக்க லாக் நட்டிலும் பழைய துரு அப்படியே இருந்தது, ஸ்பேனர் பட்ட ஒரு கீறல் கூட இல்லை.