டாரன்டுலா பயோஆக்டிவ் கிட்: பெட்டி அருமை, உள்ளே வருவதில் பாதி சிலந்திக்கு ஆகாது

ஊர்வன வளர்ப்போருக்குப் பொருள் விற்கும் ஓர் இங்கிலாந்து இணையக் கடையில் 'டாரன்டுலாவுக்கான பயோஆக்டிவ் கிட்' என்று ஒன்றை 135 பவுண்டுக்கு விற்கிறார்கள். வாங்கி, அமைத்து, என் சிலந்தியைக் குடிவைத்து, ஒரு லெஸ்டர் குளிர்காலமும் பார்த்தாயிற்று. சிலந்தி நன்றாக இருக்கிறது. ஆனால் கிட்டில் வந்ததை எல்லாம் அப்படியே போட்டு வைத்திருந்தால் இதை இவ்வளவு நிம்மதியாக எழுதியிருக்க மாட்டேன். எதை வைத்துக்கொண்டேன், எதை வெளியே எடுத்தேன், ஏன் என்பதைச் சொல்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டாரன்டுலா என்றால் முடி அடர்ந்த பெரிய சிலந்தி வகை. பயோஆக்டிவ் என்றால் பெட்டிக்குள் உயிருள்ள மண். அதில் செடி இருக்கும், காய்ந்த இலை இருக்கும், பூசணத்தையும் கழிவையும் தின்று மண்ணாக்கும் பொடிப் பூச்சிகள் இருக்கும். சிலந்தி தின்று துப்பும் மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளும். நாம் அடிக்கடி கையை உள்ளே விட்டு மண்ணை மாற்ற வேண்டியதில்லை.

அமெரிக்கக் கண்டத்து டாரன்டுலா வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். இவற்றில் பெரும்பாலானவை மிரண்டால் வயிற்று முடியைப் பின்னங்காலால் உரசிக் காற்றில் பறக்கவிடும். அந்த முடியில் முள் உண்டு. லீட்ஸ் நகரில் ஒருவர் சிலந்திப் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது முடி கண்ணில் பாய்ந்து, கருவிழியில் தைத்திருந்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். 2009 இறுதியில் 'லான்செட்' மருத்துவ இதழில் அது வெளியானது. பெட்டிக்குள் கை போகிற தடவை குறைந்தால் அந்த ஆபத்தும் குறைகிறது. ஆகவே பயோஆக்டிவ் அமைப்பு சிலந்திக்கு மட்டுமல்ல, நமக்கும் நல்லது. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் மட்டும் எப்போதும் வேண்டும்.

என்னிடம் இருப்பது கர்லி ஹேர் என்று அழைக்கப்படும் வகை. அறிவியல் பெயர் ட்லில்டோகாட்ல் அல்போபிலோசஸ். உடல் முழுக்கச் சுருண்ட பழுப்பு முடி. நான் கம்பத்துக்காரன், எங்கள் பக்கத்தில் சுருளி என்று பெயர் வைக்காத தெரு கிடையாது, அதனால் இவளும் சுருளி. ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டாரிகா பக்கத்துக் காட்டுத் தரையில் வேரடியிலும் மரக்கட்டைக்குக் கீழும் குழி பறித்து வாழும் இனம். கால் விரித்தால் சுருளி 14 சென்டிமீட்டர் வருவாள். தரையில் வாழ்கிறவள், குழி பறிக்கிறவள், கனமான வயிறு கொண்டவள். இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு பொருளையும் பார்க்க வேண்டும். கிட்டைத் தயாரித்தவர்கள் மனதில் இருந்தது மழைக்காட்டுத் தவளை என்பது பெட்டியைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது.

முதலில் பெட்டி. 30 சென்டிமீட்டர் கனசதுரக் கண்ணாடிப் பெட்டி, முன்பக்கம் இரட்டைக் கதவு, சிறு பூட்டு. கண்ணாடி ஒட்டியிருக்கும் விதம் சுத்தம், கீல் உறுதி, கதவுகளுக்கு நடுவே இடைவெளி இல்லை. முன்னால் திறப்பதால் மேலிருந்து கை இறங்குவதில்லை. தலைக்கு மேல் நிழல் விழுந்தால் சிலந்தி மிரளும், இதில் அந்தத் தொல்லை குறைவு. இதே பெயரில் 45 சென்டிமீட்டர் உயரப் பெட்டியும் விற்கிறார்கள். தரையில் வாழும் சிலந்திக்கு அதை வாங்கவே கூடாது. டாரன்டுலாவின் வயிறு மெல்லிய தோல்தான். உயரத்திலிருந்து விழுந்து வெடித்தால் உள்ளிருக்கும் திரவம் கசிந்து இறந்துவிடும். மண்ணிலிருந்து மூடிவரை உள்ள உயரம் கால்விரிப்பைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது என்பது வளர்ப்பவர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. சுருளிக்கு அது 21 சென்டிமீட்டர்.

மூடிதான் இந்தக் கிட்டின் பெரிய குறை. கம்பி வலை மூடி. பல்லிக்கும் தவளைக்கும் காற்று வர நல்ல ஏற்பாடு. டாரன்டுலா கண்ணாடியில் ஏறி வலையில் தலைகீழாகத் தொங்கும், கால் நுனியின் கொக்கி நகம் கம்பிக் கண்ணில் மாட்டும், இழுத்துப் பார்த்து முடியாமல் காலையே விட்டுவிட்டு விழும். சில வேளை தொங்கியே கிடந்து சாகும். டாரன்டுலா படம் போட்டு விற்கும் பெட்டியில் இந்த மூடியை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு வலையை வெட்டி எடுத்தேன். பிளாஸ்டிக் வெட்டித் தரும் கடையில் 5 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடு அளவு கொடுத்து வாங்கி, 3 மில்லிமீட்டர் ஓட்டைகள் போட்டு, விளிம்பை உப்புத்தாளால் மழமழவென்று தேய்த்துப் பொருத்தினேன். மெல்லிய தகடு வேண்டாம், ஈரத்தில் வளைந்து ஓரத்தில் சந்து விடும். பின்பக்கம் ஒயர் நுழைக்கும் துளைகளையும் அடைத்துவிடுங்கள். சிலந்தியின் வயிறு நசுங்கும், தலைப்பகுதி மட்டும் நசுங்காது. அந்தத் தலைப்பகுதி நுழையும் இடத்தில் முழு உடலும் நுழையும்.

அடுத்தது களிமண் உருண்டைகளும், அவற்றின் மேல் விரிக்க ஒரு நைலான் வலையும். தண்ணீர் வடிந்து கீழே தங்குவதற்காக. தினமும் மழை பெய்விக்கும் தவளைப் பெட்டிக்கு இது சரி. இங்கே 3 சென்டிமீட்டர் ஆழத்தை அநியாயமாக விழுங்குகிறது. அதைவிட, குழி பறித்துக்கொண்டு கீழே போகும் சிலந்தி அந்த வலையைத் தொடும்போது நகமோ பல்லோ சிக்கலாம். இரண்டையும் போடவில்லை. உருண்டைகள் இப்போது என் கறிவேப்பிலைத் தொட்டியில் கிடக்கின்றன.

மண் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கிட்டில் 5 லிட்டர் பை ஒன்று வருகிறது. இந்தத் தரையில் பரப்பினால் ஆறு சென்டிமீட்டர்கூட நிற்காது. உள்ளே பெரும்பகுதி கோகோபீட், கொஞ்சம் மரப்பட்டைத் துண்டு. கோகோபீட் எனக்குப் புதிதல்ல, பொள்ளாச்சிப் பக்கம் போனவர்கள் களங்களில் காய்ந்து கிடக்கும் நார்த்தூளைப் பார்த்திருப்பீர்கள். கப்பலேறி ஐரோப்பா முழுக்கப் போகிறது. ஈரத்தைப் பிடித்து வைப்பதில் அதற்கு இணை இல்லை. ஆனால் தனியாகப் போட்டால் காய்ந்ததும் பொலபொலவென்று உதிரும். குழி நிற்காது. சிலந்தி பறித்த குழி அதன் மேலேயே சரிந்தால், அடுத்து அது பறிக்க யோசிக்கும்.

நான் செய்த கலவை இது: உரமோ பூச்சிமருந்தோ கலக்காத தோட்ட மேல்மண் ஐந்து பங்கு, கோகோபீட் மூன்று பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு, நொறுக்கிய காய்ந்த இலை ஒரு பங்கு. கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. மொத்தம் 11 லிட்டர் பிடித்தது. முன்னால் கதவுக்குக் கீழே இருக்கும் கண்ணாடிப் பட்டையின் உயரம் 9 சென்டிமீட்டர், அதுவரை மண். பின்னால் போகப்போக ஏற்றி 17 சென்டிமீட்டர். ஒவ்வொரு அடுக்கையும் கையால் நன்றாக அமுக்கினேன். பின்மூலையில் கார்க் மரப்பட்டையைச் சாய்த்து, அதன் அடியில் விரலால் ஒரு தொடக்கக் குழி போட்டுக் கொடுத்தேன். மீதியைச் சுருளி பார்த்துக்கொண்டாள். மண்ணைப் பெட்டி முன்பக்கம் வரை கொண்டுவந்து கொட்டி, வாசலை இஷ்டத்துக்கு மாற்றி, பின்சுவர் கண்ணாடியை ஒட்டி ஓர் அறையே கட்டியிருக்கிறாள். அந்தக் கார்க் பட்டை கிட்டில் வந்ததுதான். தடிமனான நல்ல துண்டு, தனியே வாங்கினால் விலை கூடும், அதற்கு முழு மதிப்பெண்.

கிட்டோடு வந்த வழிமுறைத் தாளில் 'தினமும் தண்ணீர் தெளிக்கவும்' என்றிருக்கிறது. கோவென்ட்ரியில் இருக்கும் ஒரு தம்பி இதே கிட்டை வாங்கி, தாளில் சொன்னபடியே செய்துவிட்டு எனக்குப் போன் போட்டார். "அண்ணே, சிலந்தி தரையிலேயே கால் வைக்க மாட்டேங்குது, நாள் பூரா கண்ணாடியிலதான் நிக்குது." தெளிப்பதை நிறுத்துங்கள், மண்ணைக் காயவிடுங்கள் என்றேன். கீழே இறங்கிவிட்டது. மண் சொதசொதவென்று இருந்தால் இந்தச் சிலந்திகள் சுவரில் ஏறி நிற்பது நமக்குச் சொல்லும் செய்தி. தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைக்கிறது, பூசணத்தைக் கூப்பிடுகிறது. நான் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் ஊற்றுவேன். அடிமண் ஈரமாக இருக்கும், மேலே காயும், எங்கே உட்காருவது என்பதை அவள் முடிவு செய்வாள். அப்புறம், எப்போதும் ஒரு கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர். கிட்டில் வந்த முள்வட்ட ஈரமானி இரண்டு நாள் ஒரே எண்ணைக் காட்டியது, கழற்றிவிட்டேன். மண்ணைத் தொட்டுப் பார்ப்பதே போதும்.

சூடேற்றும் பாயைப் பெட்டிக்கு அடியில் வைக்கச் சொல்கிறார்கள். இது கூடவே கூடாது. குழி பறிக்கும் பிராணி வெயிலிலிருந்து தப்பிக்கக் கீழேதான் போகும். கீழே சூடு இருந்தால் தப்பிக்கப் போய் அதிலேயே மாட்டி வறண்டுவிடும். நம் வீட்டறை 20 முதல் 25 டிகிரி இருந்தால் கர்லி ஹேருக்குத் தனிச்சூடே தேவையில்லை. வீடு மிகவும் குளிர்ந்தால் பாயைப் பக்கவாட்டில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு மட்டும்.

இனி உயிர்கள், அதாவது கழிவைத் தின்னும் அந்தப் பொடிப் பூச்சிகள். இரண்டு டப்பாக்கள் வந்தன. ஒன்றில் ஸ்பிரிங்டெயில், கரித்துண்டுகளின் மேல் வெள்ளைப் புள்ளிகளாகத் துள்ளிக்கொண்டிருந்தன. குளிர் நாளில் அனுப்பியும் சூட்டுப் பொட்டலம் வைத்து உயிரோடு கொண்டுவந்து சேர்த்தார்கள், அதை மனமாரப் பாராட்டுகிறேன். பூசணம் தின்பது இவற்றின் வேலை. முதல் வாரங்களில் கார்க்கிலும் இலையிலும் வெள்ளைப் பூசணம் பஞ்சுபோலக் கிளம்பும், பயப்பட வேண்டாம், இவை பெருகியதும் அடங்கிவிடும். இதற்காகவே பெட்டியை அமைத்து நான்கு முதல் ஆறு வாரம் சிலந்தி இல்லாமல் விட வேண்டும். கிட்டின் தாளில் 'அன்றே விடலாம்' என்று இருப்பதை நம்பாதீர்கள்.

இரண்டாவது டப்பா என்னைக் கவலைப்பட வைத்தது. அதில் இருந்தது போர்செல்லியோ லேவிஸ், வளர்ப்பவர்கள் 'டெய்ரி கௌ' என்று சொல்லும் கறுப்பு வெள்ளை ஐசோபாட், பல கால் கொண்ட பொடிப் பூச்சி. பார்க்க அழகு. ஆனால் பெருந்தீனி, புரதத்துக்கு அலையும் இனம். டாரன்டுலா சட்டை உரிக்கும்போது மல்லாந்து படுத்து, மணிக்கணக்கில் அசைய முடியாமல் கிடக்கும். புதுத்தோல் பால்போல மெத்தென்று இருக்கும், பல்கூட வெள்ளையாக, கடிக்க வலுவில்லாமல். அந்த நேரத்தில் பசித்த கூட்டம் ஒன்று மண்ணுக்குள் இருந்தால் கடித்துவிடக் கூடும். இரையாகப் போட்டுத் தின்னாமல் விட்ட சிள்வண்டை (கிரிக்கெட் பூச்சி) அன்றே வெளியே எடுப்பதற்கும் இதே காரணம்தான். நான் அந்த டப்பாவை வேறு பிராணி வளர்க்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டு, 'ட்வார்ஃப் ஒயிட்' எனப்படும் டிரைக்கோரைனா டொமென்டோசா வாங்கி விட்டேன். அரிசிமணியைவிடச் சின்னது, மண்ணுக்குள்ளேயே கிடக்கும், ஆண் இல்லாமலே பெருகும். அவ்வப்போது ஒரு கிள்ளு ஈஸ்ட்டை ஓரத்தில் போடுவேன். சுருளி தின்று உருட்டிப் போடும் சிள்வண்டு மிச்சம் இப்போது தானாகவே காணாமல் போகிறது. கண்ணாடியில் அவள் அடிக்கும் வெள்ளை எச்சம் மட்டும் போகாது, அதை நாம்தான் துடைக்க வேண்டும்.

செடி: மணி பிளான்ட் ஒன்று, ஃபிட்டோனியா ஒன்று. ஃபிட்டோனியாவைச் சுருளி வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டாள். மணி பிளான்ட் எதையும் தாங்கும், குறைந்த வெளிச்சத்திலும் வளரும். எந்த நர்சரிச் செடியானாலும் வேர் மண்ணை முழுக்கக் கழுவி, சில வாரம் தனியே வைத்து நடுங்கள். நர்சரிகளில் செடிக்குள்ளேயே ஊறும் பூச்சிமருந்து போடுவது உண்டு. பூச்சியைக் கொல்வது சிலந்தியையும் கொல்லும். பூனை, நாய்க்குத் தெள்ளுக்காகக் கழுத்தில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தைத் தொட்ட கையோடு பெட்டியைத் திறக்காதீர்கள். ஊரில் இருப்பவர்கள் பெட்டி இருக்கும் அறையில் கொசுவத்தி, செருகி வைக்கும் கொசுவிரட்டி, கரப்பான் மருந்து எதுவுமே வைக்கக் கூடாது. கிட்டில் வந்த காய்ந்த இலைகள் நாட்டு வாதுமை இலை, மருந்து படாதது என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். அவை மெதுவாக மக்குகின்றன, ஐசோபாடுகளுக்கு அதுதான் நிரந்தரச் சாப்பாடு.

சிலந்தியை இந்தக் கிட்டோடு விற்பதில்லை. வாங்கும்போது வளர்ப்பில் பிறந்ததா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். இந்தியாவில் வெளிநாட்டு இனம் வைத்திருப்பவர்கள், சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளதானால், 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நம் மலைகளில் இருக்கும் போசிலோதீரியா என்ற டாரன்டுலா இனங்களைப் பிடிக்கவோ வாங்கவோ வேண்டாம், 2019 முதல் அவையும் சைட்ஸ் பட்டியலில் இருக்கின்றன.

விலைக்கு வருவோம். 135 பவுண்டில் எனக்குப் பயன்பட்டவை பெட்டி, கார்க், ஸ்பிரிங்டெயில், இலை, தண்ணீர்க் கிண்ணம், மணி பிளான்ட். அக்ரிலிக், கூடுதல் மண், சின்ன ஐசோபாட் என்று மேலே 30 பவுண்டு போனது. டாரன்டுலாவுக்கென்றால் பெட்டியைத் தனியே வாங்கி மற்றதைத் தேர்ந்து சேர்ப்பதே சிக்கனம், பத்திரம். ஐந்துக்கு இரண்டரை தருகிறேன். மூடி, ஐசோபாட், சூட்டுப் பாய் மூன்றையும் குறிப்பிட்டுக் கடைக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது, அடுத்த அச்சில் 'அன்றே விடலாம்' என்ற வரியை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டார்ட் தவளை (மழைக்காட்டுச் சிறு தவளை வகை) வளர்க்க நினைக்கும் யாராவது கேட்டால் இதே கிட்டைத் தயங்காமல் வாங்கச் சொல்வேன்.